ஆட்டோ பைண்டரும் தலைப்பைப் பறிகொடுத்த ரோபோவும்

‘ஐ, ரோபோ’ என்றால் நம்மில் பெரும்பாலானோருக்கு ஐசக் அசிமோவ்தான். சுஜாதா படித்து வளர்ந்த தலைமுறைக்கு வேறு பெயர் வாயில் வராது. ஆனால் அசிமோவின் தொகுப்பு வெளிவந்தது 1950இல். அதற்குப் பதினோரு வருடம் முன்னால், 1939 ஜனவரி ‘அமேஸிங் ஸ்டோரீஸ்’ இதழில் இதே தலைப்பில் ஒரு சிறுகதை வந்திருக்கிறது. எழுதியவர் ஈண்டோ பைண்டர்.

அந்தப் பெயரில் ஒரு மனிதர் கிடையாது. ஏர்ல் பைண்டர், ஆட்டோ பைண்டர் என்று அண்ணன் தம்பி இருவர். ஏர்லின் முதலெழுத்து ‘ஈ’, ஆட்டோவின் முதலெழுத்து ‘ஓ’. ‘ஈ அண்ட் ஓ’ சேர்ந்து ஈண்டோ. இருவரும் சிகாகோவில் இருந்தபோது சேர்ந்து எழுதிய முதல் கதை 1932இல் அதே ‘அமேஸிங்’கில் வந்தது. சில வருடங்களிலேயே ஏர்ல் எழுதுவதை விட்டுவிட்டார். 1939 கதையை முழுக்க எழுதியது தம்பி ஆட்டோதான். ஆனாலும் பெயர் மாறவில்லை. வாசகர்களுக்குப் பழகிவிட்ட பெயர், எடிட்டர்களுக்குத் தெரிந்த பெயர், அதை எதற்கு மாற்றுவது என்று விட்டிருப்பார்கள்.

இந்தக் கட்டுரை ஆட்டோ பைண்டரைப் பற்றியது (1911–1974). அமெரிக்காவின் சாணித்தாள் பத்திரிகைகளில் அறிவியல் கதை எழுத ஆரம்பித்து, அப்படியே காமிக்ஸுக்குப் போய், அங்கே மட்டும் 4,400க்கும் மேற்பட்ட கதைகள் எழுதியவர். நம்மூர் பாக்கெட் நாவல் உலகத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த எண்ணிக்கை பெரிய அதிர்ச்சியாக இருக்காது. அறிவியல் புனைகதையின் வரலாறு எழுதுகிறவர்கள் பொதுவாக இவரை இரண்டு வரியில் முடித்துவிடுவார்கள்: ஆடம் லிங்க் என்ற ரோபோவை வைத்து நல்லதாக ஒன்றிரண்டு கதை எழுதினார், பிறகு காசுக்காகக் காமிக்ஸ் பக்கம் போய்விட்டார். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. 1939இல் அவர் கையில் எடுத்த விஷயத்தைச் சரியாக எழுதி முடித்தது காமிக்ஸில்தான் என்று நினைக்கிறேன். அதைக் காட்ட முடியுமா என்று பார்க்கிறேன்.

முதலில் அந்த ரோபோ. கதையைச் சொல்வதே ஆடம் லிங்க் என்ற இயந்திரம்தான். டாக்டர் லிங்க் அதைச் செய்து, குழந்தைக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல் நடக்க, பேச, படிக்கச் சொல்லிக்கொடுக்கிறார். ஒருநாள் ஒரு விபத்தில் அவர் இறந்துபோகிறார். பார்க்கிறவர்கள் ரோபோதான் கொன்றது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். துப்பாக்கியோடு துரத்துகிறார்கள். ஆடம் லிங்க் ஓடுகிறது. கடைசியில் டாக்டர் ஒளித்து வைத்திருந்த ஒரு புத்தகம் அதன் கையில் கிடைக்கிறது: மேரி ஷெல்லியின் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’. தன்னை ஏன் எல்லோரும் இப்படிப் பார்க்கிறார்கள் என்று அப்போதுதான் அதற்குப் புரிகிறது. தன் கதையை எழுதி வைத்துவிட்டு, தன்னைத் தானே அணைத்துக்கொள்ளத் தயாராகிறது.

இணையத்தில் பல இடங்களில் ‘ரோபோவே சொல்லும் முதல் கதை’ என்று எழுதியிருக்கிறார்கள். அது சரியில்லை. 1932இல் அதே பத்திரிகையில் ஜான் பெய்னன் ஹாரிஸ் (பின்னாளில் ஜான் விண்டம்) எழுதிய ‘தி லாஸ்ட் மெஷின்’ வந்துவிட்டது. பூமியில் மாட்டிக்கொண்ட செவ்வாய்க்கிரக இயந்திரம் ஒன்று தன் கதையைத் தானே எழுதிவைத்துவிட்டுத் தன்னை அழித்துக்கொள்ளும் கதை அது. அனுதாபத்துக்குரிய ரோபோ என்ற கருத்தும் அந்தச் சமயத்தில் காற்றிலேயே இருந்தது. லெஸ்டர் டெல் ரேயின் ‘ஹெலன் ஓ’லாய்’ பைண்டர் கதைக்கு ஒரு மாதம் முன்பு, 1938 டிசம்பரில் ‘அஸ்டௌண்டிங்’கில் வந்தது. ஆக, ‘முதல்’ பட்டத்தைத் தூக்கி ஓரமாக வைத்துவிடலாம். பைண்டர் கதையின் பலம் வேறு. விண்டமின் இயந்திரத்துக்கு மனிதர்கள் என்றால் ஏளனம். நம்மைப் பார்த்து மனம் வெறுத்துத்தான் அது சாகிறது. ஆடம் லிங்குக்கு ஏளனமே கிடையாது. அக்கம்பக்கத்தில் நாலு பேர் தன்னை ஒரு ஆளாக மதிக்கவேண்டும் என்பதுதான் அதன் ஆசை. அவ்வளவுதான்.

ஆசை இவ்வளவு சின்னதாக இருப்பதால்தான் அந்தக் கதை இன்றைக்கும் படிக்க முடிகிறது. மொழி பழசு, விஞ்ஞானம் சும்மா பெயருக்கு. ஆனால் தன்னைப் பார்த்துப் பயப்படுகிறவர்களிடம் தன்மையாகப் பேச முயற்சி செய்யும் அந்தக் குரலில் பாசாங்கு இல்லை.

அசிமோவ் விஷயத்துக்கு வருவோம். 19 வயது அசிமோவ் இந்தக் கதையைப் படித்துவிட்டு அந்த வேகத்தில்தான் 1939இல் ‘ராபி’யை எழுதினார். இதை அவரே மறைக்காமல் பதிவு செய்திருக்கிறார். 1950இல் க்னோம் பிரஸ் அவருடைய ரோபோ கதைகளைத் தொகுத்தபோது அவர் வைக்க நினைத்த தலைப்பு ‘மைண்ட் அண்ட் அயர்ன்’. பதிப்பாளர் மார்ட்டின் க்ரீன்பெர்க்தான் ‘ஐ, ரோபோ’ என்று மாற்றினார். அது ஏற்கெனவே பைண்டரின் தலைப்பு என்று அசிமோவ் சொல்லிப் பார்த்தார், எடுபடவில்லை. தலைப்புக்குக் காப்புரிமை கிடையாது. சட்டப்படி யாரும் தப்பு செய்யவில்லை.

இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால் ஒரு விஷயம் வேடிக்கையாக இருக்கும். ‘நான், ரோபோ’ என்ற தலைப்பு அசிமோவ் புத்தகத்துக்குப் பொருந்தவே இல்லை. அதில் எந்த ரோபோவும் ‘நான்’ என்று கதை சொல்வதில்லை. என் தொழில் மொழியில் சொன்னால் அவை டீபக்கிங் கதைகள். மூன்று விதிகள் என்று ஒரு ஸ்பெக் இருக்கிறது, ரோபோ எதிர்பாராத மாதிரி நடந்துகொள்கிறது, எந்த விதி எந்த விதியோடு மோதியது என்று இன்ஜினியர்கள் உட்கார்ந்து கண்டுபிடிக்கிறார்கள். அருமையான கதைகள், சந்தேகமில்லை. ரொம்ப வருடமாக சாஃப்ட்வேரில் குப்பை கொட்டுகிறவன் என்ற முறையில் எனக்கு அவை மிகவும் நெருக்கம். ஆனால் அங்கே ரோபோ பரிசோதிக்கப்படும் பொருள். பைண்டரிடம் அது மனுப் போடும் ஆசாமி.

இன்னொரு கூத்து. 2004இல் வில் ஸ்மித் நடித்து ‘ஐ, ரோபோ’ படம் வந்தது. டைட்டிலில் அசிமோவ் பெயர் உண்டு. படத்தின் கதை என்ன? தன்னை உருவாக்கிய விஞ்ஞானியைக் கொன்றதாக ஒரு ரோபோ மீது சந்தேகம்; அது தப்பி ஓடுகிறது; அதற்கு உணர்ச்சிகள் உண்டு. அசிமோவ் தொகுப்பில் இப்படி ஒரு கதை இல்லை. 1939 ஜனவரி இதழில் இருக்கிறது. படம் எடுத்தவர்கள் பைண்டரிடமிருந்து எடுத்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தத் திரைக்கதை வேறு தலைப்பில் தனியாக எழுதப்பட்டு, பிறகுதான் அசிமோவ் பெயரோடு சேர்க்கப்பட்டது. தலைப்பு சுற்றிச் சுற்றித் தன் பழைய கதைக்கே வந்து சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

சரி, ஆடம் லிங்குக்குப் பிறகு என்ன ஆனது? மொத்தம் பத்து கதைகள், 1942 வரை. இரண்டாவது கதையான ‘ஆடம் லிங்கின் விசாரணை’யும் (1939 ஜூலை) பரவாயில்லை. கொலைக் குற்றத்துக்காக ரோபோவைக் கோர்ட்டில் நிறுத்துகிறார்கள். டாக்டரின் உறவினரான இளம் வக்கீல் அதற்காக வாதாடுகிறார். அதற்கு மேல் இறங்குமுகம்தான். தலைப்புகளைப் பார்த்தாலே போதும்: ஆடம் லிங்க் வியாபாரத்தில், ஆடம் லிங்க் துப்பறிகிறான், ஆடம் லிங்க் விளையாட்டு வீரன், ஆடம் லிங்க் உலகத்தைக் காப்பாற்றுகிறான். நடுவில் ஈவ் என்று ஒரு ஜோடி ரோபோ வேறு. வாசகர் கடிதம் குவிந்தது, எடிட்டர் ரே பாமர் இன்னும் கொடு என்றார், இவரும் கொடுத்தார். பக்கத்து வீட்டுக்காரனாக இருக்க ஆசைப்பட்ட ஒரு ஜீவனை ஹீரோ ஆக்கியதோடு கதை செத்துவிட்டது. 1965இல் இவற்றைக் கோத்து ஒரே நாவலாகப் போட்டார்கள். பாதிக்கு மேல் பொறுமை வேண்டும்.

மற்ற பல்ப் கதைகளில் ஆன்டன் யார்க் என்ற சாகாவரம் பெற்ற மனிதனின் வரிசை எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. கார்டன் கைல்ஸ் என்ற புனைபெயரில் எழுதிய ‘வியா’ வரிசை தேவலாம். செவ்வாய்க்குப் போன பயணக்குழு பூமிக்கு அனுப்பும் வானொலிச் செய்திகளாகவே கதை நகரும். முதலாவது 1937இல் ‘த்ரில்லிங் வொண்டர் ஸ்டோரீஸ்’ இதழில் வந்தது. அந்தப் பத்திரிகையின் எடிட்டர் மார்ட் வைசிங்கர் என்ற இளைஞர். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆட்டோவின் இன்னொரு அண்ணன் ஜாக் பைண்டர் ஓவியர். 1930களின் கடைசியில் நியூயார்க்கில் ஹாரி செஸ்லர் என்பவர் நடத்திய காமிக்ஸ் பட்டறையில் வேலை பார்த்தார். அங்கே தொடங்கித்தான் ஆட்டோவும் காமிக்ஸ் ஸ்கிரிப்ட் எழுதப் பழகினார். 1941இல் ஃபாசெட் நிறுவனத்தில் கேப்டன் மார்வல் எழுத ஆரம்பித்தார். இது இன்றைய மார்வல் நிறுவனத்தின் கேப்டன் மார்வல் அல்ல. பில்லி பேட்சன் என்ற சிறுவன் ‘ஷஸாம்’ என்று கத்தினால் சிவப்புச் சட்டை போட்ட மாவீரனாக மாறுவானே, அவன். 1940களில் பல வருடங்கள் சூப்பர்மேனையே விற்பனையில் பின்னுக்குத் தள்ளியவன். 1944இல் மட்டும் ‘கேப்டன் மார்வல் அட்வென்சர்ஸ்’ சுமார் 1.4 கோடி பிரதிகள் விற்றது.

1941 முதல் 1953 வரை மார்வல் குடும்பக் கதைகள் மொத்தம் 1,743 என்றும் அதில் பைண்டர் எழுதியவை 986 என்றும் ஒரு கணக்கு உண்டு. பாதிக்கு மேல். ஒன்றில்கூட அவர் பெயர் இல்லை. அந்தக் காலத்துக் காமிக்ஸில் எழுத்தாளர் பெயர் போடும் வழக்கம் அரிது. இன்றைக்கு நான் எழுதும் ஒவ்வொரு வரி கோடுக்கும் யார், எப்போது மாற்றினார்கள் என்று லாகில் இருக்கும். சொத்து கம்பெனியுடையதுதான், ஆனால் பெயராவது இருக்கும். பைண்டருக்கு அதுவும் இல்லை.

இந்த 986இல் நிறைய குப்பை இருக்கும், இருக்கத்தான் செய்யும். ஆனால் நல்லவற்றை எடுத்துப் பார்த்தால், ஆடம் லிங்க் கதையில் தொட்ட அதே விஷயம் திரும்பத் திரும்ப வருகிறது. இரண்டு உதாரணம் சொல்கிறேன்.

ஒன்று, ‘மான்ஸ்டர் சொசைட்டி ஆஃப் ஈவில்’ என்ற தொடர். 1943 முதல் 1945 வரை 25 அத்தியாயங்கள். உலகத்தின் வில்லன்களையெல்லாம் ஒன்று சேர்க்கும் தலைவன் மிஸ்டர் மைண்ட். முதல் சில அத்தியாயங்களில் குரல் மட்டும்தான் வரும். அப்புறம் பார்த்தால் அது ஒரு புழு. மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு, கழுத்தில் குட்டி ஒலிபெருக்கியை மாட்டிக்கொண்டிருக்கும் ஒரு பச்சைப் புழு. சிரிப்பு வரும். ஆனால் முடிவைப் பாருங்கள். பிடிபட்ட புழுவை நசுக்கிவிட்டுப் போவதில்லை. கோர்ட்டில் நிறுத்தி, கொலைகளை எண்ணிக் குற்றம் சாட்டி, தீர்ப்பு சொல்லி, மின்சார நாற்காலியில் தண்டனை நிறைவேற்றுகிறார்கள். ஆடம் லிங்கின் விசாரணை நடந்து ஆறு வருடத்துக்குப் பிறகு, அதே ஆள் எழுதிய இன்னொரு விசாரணை. இந்த முறை குற்றவாளி உண்மையிலேயே குற்றவாளி. புழுவாக இருந்தாலும் விசாரணைக்குரிய ஒரு நபர் என்ற மரியாதை அதற்குக் கிடைக்கிறது. பைண்டர் இதை நக்கலாகத்தான் எழுதியிருக்கிறார். ஆனால் வேறு எந்த எழுத்தாளருக்கும் இப்படி ஒரு நக்கல் தோன்றியிருக்காது என்று நினைக்கிறேன்.

இரண்டாவது, என்னைக் கேட்டால் அவருடைய மிகச் சிறந்த பாத்திரம், மிஸ்டர் டாக்கி டானி. 1947 டிசம்பர் இதழில் அறிமுகம். பேசும் புலி. நம் நாட்டுக் காட்டில் வளர்ந்த புலிதான். ஒரு சாமியார் கொடுத்த மருந்தால் பேச்சு வந்தது என்று பின்கதை. இந்தப் புலிக்கு உலகத்தைக் காப்பாற்றும் எண்ணம் எதுவும் கிடையாது. நகரத்தில் வீடு பிடிக்கவேண்டும், கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு வேலைக்குப் போகவேண்டும். முதலில் ஊரே அலறி ஓடுகிறது. பிறகு மியூசியத்தில் வழிகாட்டி வேலை கிடைக்கிறது. அதற்கப்புறம் வரும் கதைகளில் டானியின் பிரச்சினைகள் எல்லாம் நடுத்தர வர்க்கப் பிரச்சினைகள். ஓவியர் சி.சி. பெக் அதை வரைந்த விதமும் ஒரு காரணம். நிமிர்ந்து நடக்கும், கட்டம் போட்ட கோட்டு, கொஞ்சம் கூச்சமான முகம். பெக்கின் கோடுகள் சுத்தமானவை, ஒரு நிழல் கூடுதலாக இருக்காது.

ஆடம் லிங்க் வரிசை எங்கே சறுக்கியதோ அங்கே டானி சறுக்கவில்லை. ஏனென்றால் ஹீரோ வேலை பார்க்கக் கேப்டன் மார்வல் பக்கத்திலேயே இருக்கிறான். டானி வெறுமனே இருந்தால் போதும். ஒரு அந்நியன் ஊருக்குள் வந்து ஊராரில் ஒருவனாக ஆவதை எட்டுப் பத்துப் பக்கத்தில், சண்டை அதிகம் இல்லாமல் எழுத முடிந்தது. பைண்டரின் பெற்றோர் ஆஸ்திரியாவிலிருந்து வந்து குடியேறியவர்கள், ஆறு பிள்ளைகளில் இவர் கடைசி. வாழ்க்கையையும் கதையையும் ஒன்றுக்கொன்று நேராகப் பொருத்துவது எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. இருந்தாலும் அந்தத் தகவலை ஒதுக்கிவிட்டு டானியைப் படிக்கமுடியவில்லை.

இதற்கிடையில் வழக்கு. சூப்பர்மேனின் சொந்தக்காரர்களான நேஷனல் (பின்னாளில் டிசி) நிறுவனம், கேப்டன் மார்வல் தங்கள் ஹீரோவின் நகல் என்று 1941இலேயே வழக்குத் தொடுத்தது. இழுத்துக்கொண்டே போனது. 1951இல் நீதிபதி லேர்னட் ஹேண்ட் மேல்முறையீட்டில் நேஷனலுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். காமிக்ஸ் விற்பனையும் படுத்துவிட்டதால், 1953இல் ஃபாசெட் நான்கு லட்சம் டாலர் கொடுத்து, கேப்டன் மார்வலை நிறுத்திவிடுவதாக ஒப்புக்கொண்டது. டானியை மட்டுமாவது தினசரிப் பத்திரிகைத் தொடராகக் கொண்டுவரப் பெக்கும் பைண்டரும் முயன்றார்கள். யாரும் வாங்கவில்லை.

பன்னிரண்டு வருட வேலை முடிந்தது. அதற்குப் பிறகு பைண்டர் முக்கியமாக எழுதியது எங்கே? சூப்பர்மேன் புத்தகங்களில்! எடிட்டர் யார்? அந்த மார்ட் வைசிங்கர்தான். பல்ப் பத்திரிகையை விட்டு டிசிக்குப் போய்ப் பெரிய ஆளாகியிருந்தார். எழுத்தாளர்களைப் படுத்தி எடுப்பதில் பேர்போனவர். உங்கள் கம்பெனியை வழக்குப் போட்டு மூடவைத்த போட்டிக் கம்பெனியில், உங்கள் பழைய மேனேஜருக்குக் கீழேயே வேலைக்குச் சேருவதுபோல.

1954 முதல் 1960 வரை அங்கே அவர் எழுதியவற்றைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். க்ரிப்டோ என்ற சூப்பர் நாய் (1955), எதிர்காலச் சிறுவர் படையான லீஜன் ஆஃப் சூப்பர்ஹீரோஸ் (1958), பாட்டிலுக்குள் நகரத்தை அடைக்கும் பிரெய்னியாக் (1958), சூப்பர்கேர்ல் (1959). ஃபாசெட்டில் மார்க் ஸ்வேஸ் என்ற ஓவியரோடு சேர்ந்து மேரி மார்வலை உருவாக்கியவர், இங்கே சூப்பர்கேர்லின் முதல் கதையை எழுதினார். அங்கே மார்வல் குடும்பம், இங்கே சூப்பர்மேன் குடும்பம். நகல் என்று குற்றம் சாட்டி வென்றவர்கள், கடைசியில் நகலை எழுதியவரைக் கூப்பிட்டு அசலையே அந்த நகலைப்போல் மாற்றிக்கொண்டார்கள். காமிக்ஸ் ஆய்வாளர்கள் பலரும் சொல்லியிருக்கும் விஷயம்தான் இது.

பிரெய்னியாக் பற்றி ஒரு சின்ன கிளைக்கதை, கம்ப்யூட்டர்காரர்களுக்காக. பைண்டர் எழுதிய முதல் கதையில் பிரெய்னியாக் ரோபோ அல்ல, பச்சைத் தோல் வேற்றுக்கிரகவாசி. அதே சமயத்தில் எட்மண்ட் பெர்க்லி என்ற கணினி முன்னோடி ‘பிரெய்னியாக்’ என்ற பெயரில் மாணவர்களுக்கான கம்ப்யூட்டர் கிட் விற்றுக்கொண்டிருந்தார். பெயர்ப் பிரச்சினையைச் சமாளிக்க 1964இல் டிசி தன் வில்லனை ‘உண்மையில் அவன் ஒரு கம்ப்யூட்டர்’ என்று மாற்றி, பெர்க்லிக்கு மரியாதையும் தெரிவித்தது. அந்தக் கதையை எழுதியவர் இன்னொரு பல்ப் ஜாம்பவானான எட்மண்ட் ஹாமில்டன். ரோபோவுக்குப் பேர்போனவர் செய்த பாத்திரத்தை ரோபோ ஆக்கியது வேறொருவர்.

நான் சொல்ல வந்ததற்கு இதையெல்லாம்விட முக்கியமான கதை 1958 அக்டோபரில் ‘சூப்பர்பாய்’ 68ஆம் இதழில் வந்தது. பிசாரோ. ஒரு விஞ்ஞானியின் நகலெடுக்கும் கருவி கோளாறாகி, சூப்பர்பாயின் அரைகுறைப் பிரதி ஒன்று உருவாகிவிடுகிறது. வெள்ளைச் சுண்ணாம்புபோல், பட்டை பட்டையாகச் செதுக்கிய முகம். தடுமாறிப் பேசும். அதற்கு யார்மீதும் விரோதம் இல்லை, நட்பாக இருக்கத்தான் ஊருக்குள் போகிறது. எல்லோரும் ஓடுகிறார்கள், தாக்குகிறார்கள். ஒரே ஒரு பெண் மட்டும் அன்பாகப் பேசுகிறாள். அவளுக்குக் கண் தெரியாது. கடைசியில் பிசாரோ அழிகிறது, அந்த அழிவிலேயே அவளுக்குப் பார்வை திரும்புகிறது.

இது அப்பட்டமான ‘ஃபிராங்கன்ஸ்டைன்’. பைண்டர் மறைக்கவே இல்லை. அந்த நாவலிலும் உருவாக்கப்பட்டவனோடு முகம் சுளிக்காமல் பேசுவது கண் தெரியாத முதியவர்தான். 1939இல் ஆடம் லிங்க் கையில் கிடைத்த புத்தகம் 19 வருடம் கழித்து பைண்டரின் கதையாகவே மாறிவிட்டது. ஆடம் லிங்குக்குத் தன்னை ஏன் வெறுக்கிறார்கள் என்று படித்துத் தெரிந்துகொள்ளும் வசதி இருந்தது. பிசாரோவுக்கு அது இல்லை. கண்ணாடியைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ளவேண்டும். அதிலும் ‘நான்’ என்றுகூட அதற்குச் சரியாகச் சொல்லவராது; ஆங்கிலத்தில் ‘ஐ’ வரவேண்டிய இடத்தில் ‘மீ’ என்றுதான் வரும். ‘ஐ, ரோபோ’ என்று தலைப்பு வைத்த ஆள் எழுதியது என்று தெரிந்து படிக்கும்போது அந்த இலக்கணப் பிழை சும்மா சிரிப்புக்கு வைத்ததாகத் தோன்றவில்லை. (பிசாரோவை முதலில் யோசித்தது தினசரித் தொடர் எழுதிய ஆல்வின் ஷ்வார்ட்ஸ் என்று ஒரு தரப்பு உண்டு. அவரே அப்படிச் சொல்லியிருக்கிறார். யோசனை யாருடையதானாலும் 68ஆம் இதழில் இருக்கும் கதையின் மனசு பைண்டருடையது.)

குழந்தைகள் புத்தகம், பத்து சென்ட். அதிலும் அவர் பெயர் இல்லை.

சூப்பர்கேர்ல் கதையிலும் இதே இழை ஓடுகிறது. வேற்றுக்கிரகத்திலிருந்து தனியாக வந்து சேரும் பெண்ணைச் சூப்பர்மேன் தன்னோடு வைத்துக்கொள்வதில்லை. பழுப்பு நிற விக் மாட்டி அநாதை இல்லத்தில் சேர்த்துவிடுகிறான், உலகத்துக்குத் தெரியாமல் இருக்கவேண்டும் என்று சொல்லி. ஒரு பெரியவராக இன்றைக்குப் படித்தால் கோபம் வருகிறது. அந்தக் கொடுமையைப் பைண்டர் கவனித்துத்தான் எழுதினாரா, வைசிங்கர் சொன்னதை எழுதினாரா, அந்தப் பக்கங்களை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது.

1960இல் சொந்தமாக ‘ஸ்பேஸ் வேர்ல்ட்’ என்று விண்வெளிப் பத்திரிகை ஆரம்பித்தார். பணம் கரைந்தது. மறுபடி காமிக்ஸ். 1964 நவம்பரில் ‘தி அவுட்டர் லிமிட்ஸ்’ தொலைக்காட்சித் தொடரில் ஆடம் லிங்க் கதை வந்தது. அதில் பத்திரிகையாளராக நடித்தவர் லியோனார்ட் நிமாய், ‘ஸ்டார் ட்ரெக்’ ஸ்பாக் ஆவதற்கு முன்பு. திரைக்கதை எழுதியவர் முடிவை மாற்றியிருந்தார்: தண்டனை பெற்ற ரோபோ, லாரியில் அடிபட இருந்த ஒரு சிறுமியைக் காப்பாற்றிவிட்டுத் தான் நொறுங்கிப்போகிறது.

1967இல் பைண்டரின் ஒரே மகள் கார் மோதி இறந்துபோனாள். வயது 14.

இதற்கு மேல் நான் விமர்சனம் எழுதுவதில் அர்த்தமில்லை என்று சில பேர் நினைக்கலாம். ஆனால் அவர் எழுதிக்கொண்டுதான் இருந்தார். 1967இலேயே பறக்கும் தட்டுகளைப் பற்றி ஒரு புத்தகம், 1968இல் இன்னொன்று. இறந்த 1974ஆம் வருடத்தில், மாக்ஸ் ஃபிளின்ட் என்பவரோடு சேர்ந்து எழுதிய புத்தகம் ஒன்றும் வெளிவந்தது. மனித இனமே வேற்றுக்கிரகவாசிகளின் கலப்பில் உண்டானது என்பது அதன் வாதம். ஆதாரம் என்று அவர்கள் வைப்பது எதுவும் நிற்காது. அறிவியல் புத்தகங்களாக அவற்றை யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன். ஆனாலும் வாழ்நாள் முழுக்க ‘நம்மில் ஒருவனாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்’ என்று மனுப் போடும் அந்நியர்களை எழுதியவர், கடைசியில் அந்நியன் நாம்தான் என்று வந்து நின்றிருக்கிறார். காமிக்ஸை அவர் 1969இலேயே விட்டுவிட்டிருந்தார்.

1973இல் கேப்டன் மார்வல் திரும்பி வந்தான். கொண்டுவந்தது, வழக்குப் போட்டு நிறுத்திய அதே டிசி. ஃபாசெட்டிடமிருந்து உரிமை வாங்கியிருந்தார்கள். இதற்குள் ‘கேப்டன் மார்வல்’ என்ற பெயரை மார்வல் நிறுவனம் எடுத்துக்கொண்டுவிட்டதால், புத்தகத்துக்கு ‘ஷஸாம்!’ என்று பெயர் வைக்கவேண்டியதாயிற்று. பெக் வரைந்தார். கதை எழுதியவர்கள் புது ஆட்கள். பெக்குக்கு அந்த ஸ்கிரிப்டுகள் பிடிக்காமல் பத்து இதழோடு விலகிவிட்டார். கூடவே 1940களின் பழைய கதைகளையும் மறுபதிப்பாகப் போட்டார்கள். புதிய கதைகளையும் பழையவற்றையும் ஒரே இதழில் அடுத்தடுத்துப் படித்தால் வித்தியாசம் உடனே தெரியும். புதியவை சூப்பர்ஹீரோக்களைக் கிண்டல் செய்கின்றன. பழையவற்றில் கிண்டல் நிறைய உண்டு, ஆனால் புழுவையோ புலியையோ இளக்காரமாக நடத்துவதில்லை.

2004இல் ஐஸ்னர் ஹால் ஆஃப் ஃபேமில் அவர் பெயரைச் சேர்த்தார்கள், ‘ஐ, ரோபோ’ படம் வந்த அதே வருடம். பில் ஷெல்லி எழுதிய வாழ்க்கை வரலாறு ஒன்று இருக்கிறது, 2003இல் வந்து 2016இல் விரிவாக மறுபடி வந்தது. இந்த ஆளைப் பற்றி மேலும் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் அதிலிருந்து தொடங்கலாம்.

கதைகளை மட்டும் படித்தால் போதும் என்பவர்களுக்கு என் வரிசை இது: முதலில் ‘சூப்பர்பாய்’ 68, பிறகு 1947இன் டானி கதை, அப்புறம் 1939 ஜனவரி ‘ஐ, ரோபோ’. பின்னாலிருந்து முன்னால். ஆடம் லிங்க் தொடரில் மூன்றாவது கதைக்கு மேல் போகவேண்டாம்.